முழு கோகோ பீட்டில் மாடித்தோட்டம்: சேலம் வெயிலுக்கு எத்தனை லிட்டர் பை?

#1 மாடிவீட்டு_மல்லி (பள்ளப்பட்டி, சேலம்)

வணக்கமுங்க. தை கடைசியில நாற்று எடுத்து வைக்கிற திட்டம். 10 தக்காளி, 8 மிளகாய், 4 கத்தரி, 4 குடைமிளகாய், ஒரு சுரை. மொட்டை மாடி, மேற்கு வெயில் தடையில்லாம விழும். மண் கலக்கலை, முழுக்க கோகோ பீட்தான் (தேங்காய் நார்த் தூள், பித்னும் சொல்வாங்க). உரம் தண்ணியில கரைச்சு ஊத்துறது.

தண்ணி காலை 7 மணி, மாலை 6 மணி, ரெண்டே தடவை, கையால. நடுப்பகல்ல வீட்ல ஆள் இருக்காது. மாநகராட்சி குழாய்த் தண்ணியும் போர் தண்ணியும் இருக்கு.

கடையில இஞ்ச் கணக்குல 9×9, 10×10, 12×12, 15×15, 24×9 பைகள் கிடைக்குது. எல்லாத்துக்கும் 12×12ன்னு ஒரே அளவா வாங்கிடலாமா?

#2 பித்துப்பிடிச்சவன் (அழகாபுரம்)

12×12 மோசமில்லீங்க. ஆனா மண் தொட்டிக் கணக்கை கோகோ பீட்டுக்குப் போடக்கூடாது. மண்ணுல வேர் எவ்வளவு தூரம் போகும்னு பார்த்து தொட்டி எடுப்போம். பித்துல வேருக்கு அவ்வளவு இடம் தேவையே இல்ல. பசுமைக்குடில்ல ஒரு மீட்டர் நீள பித் பலகையில மூணு, நாலு தக்காளி நிக்கும். ஒரு செடிக்கு 4-5 லிட்டர் பித்துதான் கிடைக்குது. தாங்குறதுக்குக் காரணம், நாளைக்குப் பத்துப் பன்னெண்டு தடவை சொட்டுநீர் போகுது.

அதனால பை அளவை முடிவு பண்றது செடி இல்ல, ஒரு தண்ணிக்கும் அடுத்த தண்ணிக்கும் நடுவுல இருக்கிற மணி நேரம். உங்களுக்கு அது 11 மணி நேரம், அதுவும் பகல் வெயில் முழுசும் அதுக்குள்ள.

கணக்கு இப்படிப் போடுங்க. நல்லா ஊத்தி வடியவிட்ட பித் ஒரு லிட்டர்ல 550-600 மில்லி தண்ணி நிக்கும். அதுல செடி சிரமமில்லாம உறிஞ்சக்கூடியது 250-300 மில்லி. காய்ப்புல இருக்கிற தக்காளி சித்திரை வெயில்ல நாளைக்கு 2.5-3 லிட்டர் குடிக்கும், அதுல பெரும்பங்கு பகல்லயே போயிரும்.

10 லிட்டர் பித்துல கையிருப்பு 2.5-3 லிட்டர். காலையில ஊத்தினது மூணு, நாலு மணிக்கெல்லாம் தீர்ந்துரும், செடி தொங்கும். 19 லிட்டர் பித்துல கையிருப்பு 5 லிட்டர் பக்கம். மாலை ஆறு மணிக்குப் பாதிதான் இறங்கியிருக்கும். பாதியோட நிறுத்தணும்ங்கறதுதான் முக்கியம். தண்ணி குறையக் குறைய உரத்தோட உப்பு அங்கேயே தங்கிப் போகும். கையிருப்பு முழுக்கத் தீர்ற அளவுக்குக் காயவிட்டா வேர்ல படுற உப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. தக்காளியில அடி அழுகல் (காயோட அடிப்பக்கம் கருத்து அழுகுறது) வர்றதுக்கு இதுவே பெரிய காரணம். பித்துல சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) இருக்கும், ஆனா அதைக் காய் வரைக்கும் கொண்டுபோக தண்ணி ஓட்டம் இருக்காது.

ரெண்டு தடவை கைத்தண்ணிக்கு நான் சொல்ற அளவு, பித் லிட்டர் கணக்குல:

குட்டை ரகத் தக்காளி 18-20. கம்பி கட்டி ஏத்துற உயர ரகம்னா 25-30. கத்தரி 20. மிளகாய், குடைமிளகாய் 11-15. சுரைக்கு 40க்குக் கீழ போகாதீங்க. அதோட இலைப்பரப்பு அப்படி.

#3 ஓமலூர்_வெண்டை

பை வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. 12×12ன்னு எழுதியிருக்கிற எல்லாப் பையும் ஒண்ணு இல்ல.

துணி மாதிரி தைச்ச வட்ட எச்.டி.பி.ஈ. (கெட்டி பிளாஸ்டிக்) பையில முதல் எண் விட்டம், ரெண்டாவது உயரம். அந்த 12×12 விளிம்பு வரைக்கும் 22 லிட்டர். 9×9 ஒன்பதேகால், 10×10 பதிமூணுக்குக் கொஞ்சம் கம்மி, 15×15 நாற்பத்து மூணு, 18×18 எழுபத்தஞ்சு. 24×9 அறுபத்தாறு.

நர்சரிக்காரங்க விக்கிற வெள்ளை-கருப்பு பாலித்தீன் பை இருக்கே, அதுல பல நேரம் தட்டையா மடிச்சு வச்ச அகலத்தைத்தான் எழுதுவாங்க. தட்டையா 12 இஞ்ச்னா சுற்றளவு 24, விட்டம் ஏழரை இஞ்ச் சொச்சம். அந்த "12×12" ஒன்பது லிட்டர்கூடத் தேறாது. நிரப்பின பையைச் சுத்தி டேப்பைப் பிடிச்சு, வந்த சுற்றளவை 3.14ஆல வகுத்தா விட்டம் தெரிஞ்சுரும்.

விளிம்பு வரைக்கும் யாரும் நிரப்ப மாட்டோம். மேல ஒன்றரை இஞ்ச் விடணும், இல்லேன்னா ஊத்துற தண்ணி பித்தையும் அடிச்சுட்டு வெளிய போகும். பித்துப்பிடிச்சவன் சொன்ன 19 லிட்டர் அப்படித்தான் வருது.

#4 மாடிவீட்டு_மல்லி

ரொம்ப நன்றிங்க. அப்ப 5 கிலோ கட்டி எத்தனை வாங்கணும்?

#5 ஓமலூர்_வெண்டை

ஒரு 5 கிலோ கட்டி ஊறினா 60-70 லிட்டர். கட்டியோட தரம், எவ்வளவு இறுக்கி அழுத்தியிருக்காங்க, இதைப் பொறுத்து மாறும். 60ன்னே வச்சுக்கோங்க.

தக்காளி, கத்தரி 14 பை × 19 = 266. மிளகாய், குடைமிளகாய் 12 பை 10×10ல, ஒண்ணுக்கு 11 = 132. சுரை 40. மொத்தம் 438. முதல் ரெண்டு வாரத்துல பித் பத்து சதவீதம் போல படியும், அதுக்கும் சேர்த்து 480. எட்டு கட்டி.

எல்லாத்தையும் 12×12ல போட்டா பித் 534, படிமானத்தோட 590. பத்து கட்டி. மிளகாய்க்கு 12×12 போடுறதால கெடுதல் ஒண்ணுமில்ல, ரெண்டு கட்டி காசும் சுமையும் கூடுது, அவ்வளவுதான்.

தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளையில (கிட்) வர்ற 2 கிலோ கட்டி கையில இருந்தா, ஒரு கட்டிக்கு ஒரு 12×12 பைன்னு வைங்க, கொஞ்சம் மீறும்.

#6 அம்மாபேட்டை_தறி

ஏங்க இவ்வளவு கணக்கு? எல்லாத்துக்கும் 18×18 போட்டுட்டா தண்ணி ஒரு நாள் மறந்தாக்கூட செடி நிக்குமே. பெருசா இருந்தா நஷ்டம் என்ன?

#7 பித்துப்பிடிச்சவன்

நஷ்டம் இருக்குங்க.

ஒண்ணு, சின்ன நாற்று. குழித்தட்டுல இருந்து எடுத்த 25 நாள் தக்காளி நாற்று நாளைக்கு 50 மில்லிகூடக் குடிக்காது. அதை 18×18 பையோட 69 லிட்டர் பித்துக்கு நடுவுல நட்டு, பை முழுக்க நனைச்சா அந்த ஈரம் வாரக்கணக்கா அப்படியே நிக்கும். காத்து இல்லாத இடத்துக்கு வேர் போகாது. பித்து மேல பச்சைப் பாசி, அதுல குட்டிக் கருப்புக் கொசு, அதோட புழு இளம் வேரைக் கடிக்கும். தண்டு அடியில நாற்றழுகல். "பெரிய பை, ஆனா செடி ஒரு மாசமா அப்படியே நிக்குது"ங்கற கேள்வி எல்லாம் இதுலதான் வந்து முடியும்.

ரெண்டாவது உப்பு. பித்துல உரத்தண்ணி ஊத்துறவங்க எப்பவாவது பையைக் கழுவி விட்டே ஆகணும். கழுவ பித்தோட அளவுக்கு ரெண்டு மடங்கு தண்ணி வேணும். 19 லிட்டருக்கு 40 லிட்டர், அதாவது ரெண்டு வாளி. 69 லிட்டருக்கு 140 பக்கம். இருபத்தேழு பையையும் அப்படிக் கழுவ தண்ணி லாரிதான் கூப்பிடணும்.

மூணாவது சுமை. நனைஞ்ச பித் லிட்டருக்கு 700 கிராம் பக்கம். 12×12 பை 13-14 கிலோ, 15×15 ஒண்ணு 27, 18×18 ஒண்ணு 48 கிலோ. ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875ங்கற இந்தியக் கட்டடச் சுமைத் தரநூல்ல வச்சிருக்கிற சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், சுமார் 150 கிலோ. நாலு 18×18 பையை ஒட்டி ஒட்டி வச்சா அதைத் தாண்டிருவீங்க. பழைய வீடு, மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்து மேல செங்கல் அடுக்கின கூரை) மாதிரி இருந்தா இன்னும் கவனம். பைகளை நடு மாடியில குமிக்காம, கீழே சுவரோ பீமோ ஓடுற ஓரமா வரிசை கட்டுங்க.

#8 சொட்டுநீர்_சேலம் (ஐந்து ரோடு)

நாற்று விஷயத்துல ஒரு திருத்தம். பை பெருசா இருக்கிறது மட்டும் குத்தமில்ல, முழுப் பையையும் தினம் நனைக்கிறதுதான் குத்தம். நடுற அன்னிக்கு ஒரே தடவை முழுசா நனைச்சு வடியவிடுங்க. அப்புறம் முதல் பத்து நாள் தண்டைச் சுத்தி ஆறு இஞ்ச் வட்டத்துக்கு 150-200 மில்லி மட்டும். புது இலை தள்ள ஆரம்பிச்சதும் வட்டத்தைப் பை ஓரம் வரைக்கும் விரிங்க. இப்படி நட்டா 12×12க்கு நடுவுல இன்னொரு சின்னத் தொட்டி மாத்துற வேலையே வேணாம். 15×15, அதுக்கு மேலன்னா அரை லிட்டர் கப்புல மூணு வாரம் வளர்த்துட்டு மாத்துறது நல்லது.

#9 பித்துப்பிடிச்சவன்

ஒத்துக்கறேன். 12×12 வரைக்கும் நேரடியா நடலாம்.

#10 மூடுபனி_ஏற்காடு

இந்த அட்டவணையை மலையில இருக்கிறவங்க அப்படியே எடுத்துக்காதீங்க. சேலத்துல இருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா 1,500 மீட்டர் உயரம். கீழே 39, 40 டிகிரி அடிக்கிற நாள்ல இங்கே 30 தாண்டுறது அபூர்வம். ஆடியில இருந்து கார்த்திகை வரைக்கும் மூடுபனியும் மழையுமா இருக்கிற நாள்ல குடைமிளகாய் அரை லிட்டர்கூடக் குடிக்காது.

அந்த நாள்ல 19 லிட்டர் பையில நனைஞ்ச பித் நாலஞ்சு நாள் இறங்காம நிக்கும். வேர் பழுப்பாகி, தோல் உரிஞ்சு நூல் மாதிரி வரும், அதுதான் பித்தியம் அழுகல்ங்கற வேர் நோய். மேலே இலை வாடியிருக்கும், அதைப் பார்த்து இன்னும் தண்ணி ஊத்துவாங்க. கதை முடிஞ்சுது.

இங்கே குடைமிளகாய்க்கு 8-10 லிட்டர் போதும், தக்காளிக்கு 12. ஸ்ட்ராபெரிக்கு ஒரு செடிக்கு 2-3 லிட்டர், ஆனா ஆழம் எட்டு இஞ்ச் இருக்கணும். பித்தோட நார்ச் சில்லை, அரை இஞ்ச் துண்டு, மூணுல ஒரு பங்கு கலந்துக்கணும். கூரை பாலித்தீன் இல்லாம திறந்த வெளியில பித் வைக்கவே வேணாம். ரெண்டு நாள் மழையில போட்ட உரம் எல்லாம் வடிஞ்சு போயிரும்.

#11 மாடிவீட்டு_மல்லி

பைக்கு அடியில ரெண்டு இஞ்ச் ஜல்லியோ ஓட்டு சில்லோ போட்டா வடிகால் நல்லா இருக்கும்னு பெரியவங்க சொல்றாங்க. பித்துக்கும் போடணுமா?

#12 பித்துப்பிடிச்சவன்

போடாதீங்க. இதுதான் தொட்டி விஷயத்துல எல்லாரும் தலைகீழாப் புரிஞ்சுக்கறது.

எந்த ஊடகமா இருந்தாலும் வடிஞ்சு முடிச்ச பிறகு அடியில ஒரு அடுக்கு தண்ணி சொட்டச் சொட்ட நிக்கும். நனைஞ்ச ஸ்பாஞ்சைத் தூக்கிப் பிடிச்சா கீழ் ஓரம் மட்டும் ஈரமா நிக்குமே, அதேதான். அந்த அடுக்கோட உயரம் பித்தோட தன்மையைப் பொறுத்தது, பையோட அகலத்தையோ உயரத்தையோ பொறுத்தது இல்ல. பொடிப் பித்துல ரெண்டு, ரெண்டரை இஞ்ச்னு வச்சுக்கலாம். அடியில ஜல்லி போட்டா பித்துல இருக்கிற தண்ணி ஜல்லியோட பெரிய சந்துக்குள்ள சுலபமா இறங்காது. அந்த ஈர அடுக்கு அப்படியே ஜல்லிக்கு மேல ஏறி உக்காரும். பையோட ஆழத்துல ரெண்டு இஞ்ச் தெண்டம்.

ஓட்டை வழியா பித் ஒழுகாம இருக்க ஒரே ஒரு ஓட்டு சில்லைக் கவுத்து வைங்க, போதும். கழுவாத தேங்காய் மட்டையையும் அடியில போடாதீங்க. அதுல இருக்கிற உப்பு மொத்தமும் மெதுவா வேருக்கு வந்து சேரும்.

இதே காரணத்தால 24×9 பையில தக்காளி வேணாம். 66 லிட்டர்னு பார்க்க ஆசையா இருக்கும். பித் நிக்கிற ஆழம் ஏழரை இஞ்ச், அதுல மூணுல ஒரு பங்கு சகதி. 15×15ல பதிமூணரை இஞ்ச் ஆழம், சகதி ஆறுல ஒரு பங்குக்குச் சற்று அதிகம். 24×9 கீரைக்கும் கொத்தமல்லிக்கும் அருமையான பை. ஒரே லிட்டர்ல உயரமானது, அகலமானதுன்னு ரெண்டு இருந்தா தக்காளி, கத்தரிக்கு உயரமானதை எடுங்க. 20 லிட்டர் பெயின்ட் வாளி இந்த விஷயத்துல கச்சிதம், வெள்ளை நிறம் வேற.

வடிகால் ஓட்டை பக்கவாட்டுல, அடியில இருந்து அரை இஞ்ச் உயரத்துல ஆறு போடுங்க. பையைத் தட்டுல வைக்கிறவங்க வடிஞ்ச தண்ணியைத் தட்டுலயே விட்டுறாதீங்க, அந்த உப்புத் தண்ணியை பித் திரும்ப உறிஞ்சிக்கும். ரெண்டு செங்கல் மேல வச்சா தட்டே வேணாம், தரைக்கும் காத்து.

#13 செவ்வாய்ப்பேட்டை_கடைக்காரர்

வெள்ளைன்னு சொன்னதும் இதைச் சேர்க்கறேன். சித்திரை மத்தியானம் கான்கிரீட் மேல கருப்பு பிளாஸ்டிக் தொட்டி வெயில் படுற பக்கம் உள்ளே 40 டிகிரி தாண்டும். 35க்கு மேல வேர் வேலையைக் குறைச்சுக்கும். சின்னத் தொட்டி முழுசும் சூடாகும், பெரிய பையில நடுப் பகுதியாவது தப்பிக்கும். அதனால கருப்புத் தொட்டிதான் இருக்குன்னா ஒரு அளவு கூட்டி எடுக்கணும், இல்ல வெள்ளைச் சாக்குல சுத்தணும். மேற்குப் பக்க வரிசைக்கு மட்டும் ஒரு பலகை மறைப்பு வச்சாலே வித்தியாசம் தெரியும்.

முரட்டுத் துணிப் பை இருக்கே, சுத்தி வர காத்து வாங்குறது, அதுல வேர் நுனி தானா காஞ்சு புது வேர் கிளைக்கும், நல்லதுதான். ஆனா பக்கவாட்டுல தண்ணி ஆவியாகும். கைத்தண்ணி ரெண்டு வேளைங்கறவங்க சேலத்துல துணிப் பை எடுத்தா மேலே சொன்ன லிட்டரோட கால் பங்கு கூட்டிக்கணும்.

#14 கொண்டலாம்பட்டி_கீரை

எல்லாரும் மாநகராட்சி தண்ணியை நினைச்சே பேசுறீங்க. போர் தண்ணிக்கு இந்த அளவு சரிப்படுமா? இங்கே இ.சி. (தண்ணியில கரைஞ்ச உப்போட அளவு) 1.8 காட்டுது.

#15 சொட்டுநீர்_சேலம்

1.8 தண்ணியில உரத்துக்கு இடமே இல்லீங்க. நாற்றுக்கு மொத்த இ.சி. 0.8-1.0, வளர்ச்சியில 1.2-1.5, காய்ப்புல 1.8-2.2 வேணும். கோடையில இந்த அளவோட கீழ் எல்லையில நிக்கணும். தண்ணியே 1.8னா உரம் போடப் போட உப்புதான் சேரும். மழைத்தண்ணின்னா பாதிக்குப் பாதி, குழாய்த் தண்ணின்னா அதுக்கும் மேல கலந்து 0.9 பக்கம் கொண்டு வந்துட்டு அப்புறம் உரம்.

பை அளவுன்னு பார்த்தா, உப்புத் தண்ணிக்குச் சின்ன பைதான் என்னோட கட்சி. சீக்கிரம் கழுவலாம், கழுவத் தண்ணி கம்மி.

#16 பித்துப்பிடிச்சவன்

இதுல ஒத்துக்க மாட்டேன். சின்ன பையில உப்பு ஏறுற வேகமும் அதிகம். கைத்தண்ணி ஆளுக்கு ஒரு மத்தியானம் தவறினாலே போச்சு. பெரிய பை மெதுவா ஏறும், கவனிக்க நேரம் கொடுக்கும்.

#17 சொட்டுநீர்_சேலம்

கவனிக்கிறவங்களுக்கு நேரம் கொடுக்கும். கவனிக்காதவங்களுக்கு, ஏறினது தெரியவே ஒரு மாசம் ஆகும், அப்ப 40 லிட்டர் பித்தைக் கழுவ ஆள் வேணும். சரி, ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லக்கூடியது இது: எந்தப் பையா இருந்தாலும் ஊத்துறதுல 10-20 சதவீதம் அடியில வடியணும். வாரம் ஒரு தடவை வடிநீரைப் பிடிச்சு இ.சி. மீட்டர் வைங்க. ஊத்துற தண்ணியை விட 1.0க்கு மேல கூட இருந்தா கழுவணும்னு அர்த்தம். கழுவும்போது வெறும் தண்ணியில முடிக்காதீங்க, கடைசி ரெண்டு லிட்டர் லேசான உரத்தண்ணியா இருக்கட்டும்.

இன்னொண்ணு. செட்டிச்சாவடி, மேக்னசைட் சுரங்கம் இருக்கிற பக்கம் போர் தண்ணியில மெக்னீசியம் ஏற்கெனவே தாராளமா இருக்கும். அந்தத் தண்ணிக்கு எப்சம் சால்ட் (மெக்னீசியம் சல்பேட்) வேற போட்டா மெக்னீசியம் கால்சியத்தோட போட்டி போட்டு, அடி அழுகல் கூடும். அங்கே கால்சியம் நைட்ரேட் மட்டும் போதும். போர் தண்ணியில பி.எச். (அமில-காரத் தன்மை) எட்டு பக்கம் நிக்கிறதும் சகஜம். 5.8-6.2க்கு இறக்கலைன்னா இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா தெரியும், இரும்புச் சத்து பித்துல இருந்தும் செடிக்கு எட்டாது. பாஸ்பாரிக் அமிலம் சொட்டு சொட்டா விட்டு, கலக்கி, மீட்டர் பார்த்து நிறுத்துங்க. கையுறை போட்டுக்கோங்க. அமிலத்தைத் தண்ணியில விடணும், தண்ணியை அமிலத்துல ஊத்தக்கூடாது.

#18 மாடிவீட்டு_மல்லி

கட்டியில "கழுவினது"ன்னு எழுதியிருந்தா நேரா பையில போட்டுறலாமா?

#19 ஓமலூர்_வெண்டை

சோதிச்சுட்டுப் போடுங்க. ஒரு டம்ளர் ஈரப் பித், ஒன்றரை டம்ளர் பேட்டரிக்கு ஊத்துற காய்ச்சி வடிச்ச தண்ணி. கலக்கி அரை மணி நேரம் வச்சு, துணியில வடிகட்டி மீட்டர் வைங்க. இ.சி. 0.5க்குள்ள இருந்தா சரி. ஒண்ணு, ஒண்ணரைன்னு காட்டினா ரெண்டு மூணு தடவை அலசணும்.

அலசினா போறது தனியா மிதக்கிற உப்பு மட்டும். பித்துத் துகளோட ஒட்டிக்கிட்டு இருக்கிற பொட்டாசியமும் சோடியமும் வெறும் தண்ணிக்கு வராது. அதைத் தள்ளிட்டு அந்த இடத்துல கால்சியம் உக்காரணும். 5 கிலோ கட்டியை 25-30 லிட்டர் தண்ணியில ஊற வைக்கும்போதே லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் போட்டு ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் நல்ல தண்ணியில ஒரு அலசு. இதைச் செய்யாட்டி முதல் மூணு வாரம் நீங்க போடுற கால்சியத்தை எல்லாம் பித்தே பிடிச்சு வச்சுக்கும், செடிக்குக் கிடைக்காது.

பையில நிரப்பும்போது கையால அமுக்காதீங்க. ரெண்டு தட்டு தட்டி, தண்ணி ஊத்தி, படிஞ்சதுக்கு மேல நிரப்புங்க. அமுக்கினா காத்துச் சந்து போயிரும், அப்புறம் எந்த அளவுப் பையும் ஒண்ணுதான்.

#20 அம்மாபேட்டை_தறி

வெளிநாட்டு அட்டவணை ஒண்ணுல 5 கேலன் போதும், 3 கேலன்லயே முழு விளைச்சல்னு போட்டிருக்கான். நீங்க எல்லாரும் கூட்டிச் சொல்றீங்களே?

#21 பித்துப்பிடிச்சவன்

இணையத்துல சுத்துற பித் தொட்டி அட்டவணைகள்ல நிறைய கஞ்சாச் செடிக்காக எழுதினது. இங்கே அது 1985 போதைப்பொருள் சட்டத்துல வர்ற விஷயம், அந்தப் பேச்சு நமக்கு வேணாம். அட்டவணை ஏன் பொருந்தாதுன்னு மட்டும் சொல்றேன். அது மூடின அறை, விளக்கு வெளிச்சம், 25 டிகிரி பக்கம், தானியங்கி சொட்டுநீர். அங்கே 11 லிட்டர் தொட்டி நாளைக்கு அஞ்சாறு தடவை நனையுது. நம்ம மாடியில 39 டிகிரி, காத்து, ரெண்டு தடவை கைத்தண்ணி.

அளவுலயும் ஏமாற்று உண்டு. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். ஆனா நர்சரி தொட்டியில "ஒரு கேலன்"னு வழங்குறது பெரும்பாலும் மூணு லிட்டருக்குக் கீழதான். எப்பவும் லிட்டருக்கு மாத்திப் பாருங்க, இல்லேன்னா தண்ணி ஊத்தி அளந்துருங்க.

#22 வாழப்பாடி_இயற்கை

உரத்தண்ணி இல்லாம, பித்தோட மண்புழு உரம் கலந்து வைக்கிறவங்களுக்கு?

#23 ஓமலூர்_வெண்டை

அது வேற கணக்கு. அங்கே பைதான் சாப்பாட்டுக் கிடங்கு, அதனால லிட்டர் கூடணும். தக்காளிக்கு 30, மிளகாய்க்கு 20. பித் ஆறு பங்கு, மண்புழு உரம் மூணு பங்கு, மக்கின தொழு உரம் ஒரு பங்கு, 20 லிட்டருக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு. அடியில தண்ணி வடிய விடவே கூடாது, வடிஞ்சா சத்தும் சேர்ந்து போயிரும். உரத்தண்ணிக்காரங்க செய்றதுக்கு நேர் எதிர். ரெண்டு முறையையும் பாதிப் பாதியா கலக்கிறவங்கதான் அதிகம் அவதிப்படுறது.

#24 சொட்டுநீர்_சேலம்

மல்லிக்கு ஒரு யோசனை. ஒரு டைமரும் 2 லிட்டர்/மணி சொட்டுவானும் போட்டுட்டா இந்தப் பை அளவு எல்லாம் ஒரு படி இறங்கும். ஒரு தடவைக்கு பித் அளவுல 3-4 சதவீதம் விடுங்க. 19 லிட்டர் பைக்கு 600 மில்லி. பைக்கு ரெண்டு சொட்டுவான்னா 9 நிமிஷம். காய்ப்பு நேரத்துல 3 லிட்டர் குடிப்பும் வடிநீரும் சேர்ந்து மூணரை, ஆறு தடவை. சூரியன் ஏறி ஒரு மணி நேரம் கழிச்சு முதல் தடவை, மறையறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி கடைசி.

இதே செடியை 10 லிட்டர் பையில வச்சா 400 மில்லியா ஒன்பது தடவை. விளைச்சல் குறையாது, ஆனா கரண்டு நீடிச்சுப் போனா பெரிய பையை விடச் சீக்கிரம் செடி தொங்கும். ஒரே 4 லிட்டர் சொட்டுவான் வேணாம். பித்துல தண்ணி நேரா கீழே இறங்கும், பக்கவாட்டுல அதிகம் பரவாது. எதிர் எதிரா ரெண்டு 2 லிட்டர் சொட்டுவான்தான் சரி.

கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட், சல்பேட் உரத்தோட ஒரே டப்பாவுல கெட்டியா கரைக்காதீங்க. வெள்ளையா திரிஞ்சு சொட்டுவானை அடைக்கும். ரெண்டு டப்பா, இல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள். 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவுல இருக்கிற உரம்) மட்டும் போட்டு ஓட்டுறவங்களுக்கு: அதுல கால்சியமே கிடையாது, தழைச்சத்தும் பெரும்பாலும் யூரியா வடிவம். மண்ணுல சமாளிக்கும், பித்துல சமாளிக்காது.

#25 மாடிவீட்டு_மல்லி

முடிவு பண்ணியாச்சுங்க. தக்காளி, கத்தரிக்கு 14 வட்டப் பை 12×12. மிளகாய், குடைமிளகாய்க்கு 12 பை 10×10. சுரைக்கு 15×15 ஒண்ணு. கட்டி எட்டு. சொட்டுநீர் அடுத்த பட்டத்துக்கு. இப்போதைக்கு கைத்தண்ணி.

#26 பித்துப்பிடிச்சவன்

தையில நட்டா காய்ப்பு பங்குனி, சித்திரையில வரும். பகல் 35க்கு மேல போனா தக்காளி பூ உதிர்க்கும், அதுக்குப் பை அளவு எதுவும் செய்ய முடியாது. 35 சதவீத நிழல்வலையை மாசி கடைசியிலயே கட்டிருங்க. குடைமிளகாய் வரிசைக்கு 50 சதவீதம்.

#27 செவ்வாய்ப்பேட்டை_கடைக்காரர்

10×10 பையை மேற்கு வரிசையில வைக்காதீங்க. 12×12க்கு கிழக்கால, அதோட நிழல்ல வைங்க. சுரைப் பையை மட்டும் மூலையில, கீழே சுவர் இருக்கிற இடத்துல.

#28 மாடிவீட்டு_மல்லி

சரிங்க. சாயந்திரத் தண்ணி ஆறு மணிக்குப் பதிலா அஞ்சுக்கு ஊத்த முடிஞ்சா நல்லதா?

#29 சொட்டுநீர்_சேலம்

நல்லது. ராத்திரி பித்து மேல்பகுதி சொதசொதன்னு நிக்காம இருக்கும். ஆனா காலைத் தண்ணிதான் பெரிசு. மொத்தத்துல மூணுல ரெண்டு பங்கைக் காலையில, ஒரேயடியா ஊத்தாம பத்து நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவையா ஊத்துங்க. முதல் தடவை பித்தை நனைக்கும், ரெண்டாவதுதான் உப்பைத் தள்ளிட்டு வடியும்.